பதினாறுக்கு மேல் எண் இல்லாத வீடு

திருப்பூர் வட்டாரத்தில் முப்பத்தொரு வருடம் கட்டடப் பொறியாளனாக இருந்தேன். கட்டியவை: நாற்பத்தாறு தையல் கூடங்கள், ஒன்பது சாயப்பட்டறைத் தொட்டிகள், ஒரே ஒரு வீடு. கூடங்களைப் பற்றி இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இரும்புத் தூண், தகரக் கூரை, காற்றுவழி. நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதில் நான் செய்தது கலவையிலோ கம்பியிலோ நடக்கிற தவறு அல்ல. எண்ணத் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. உங்களில் எண்ணத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் என்பதுதான் எனக்குக் கவலை.

சாமளாபுரத்துக்கு வெளியே ஒரு பின்னலாடை ஆலை. கடைசிவரை நான் சம்பளத்துக்கு இருந்தது அங்கேதான். அதன் முதலாளி ஆர்டர் விஷயமாக இங்கிலாந்துக்குப் போன இடத்தில், ஒரு பழைய மரக்கடையில் பிரித்து அடுக்கியிருந்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறார். சுவர் இல்லை, கூரை இல்லை, எலும்புகள் மட்டும். சாலைக்கு இடம் விட அதைப் பிரித்தார்களாம். நானூறு வருடத்துப் பழசு என்றார் விற்றவர். முதலாளி மறுபேச்சில்லாமல் வாங்கிக் கண்டெய்னரில் ஏற்றிவிட்டார். ஆலை வளாகத்தில் அதை நிறுத்தி, சாம்பிள் காட்டும் அறையாக்கி, அடுத்த மாதம் வரப்போகும் அந்த ஊர் வாடிக்கையாளரை அசத்த வேண்டும் என்பது அவர் ஆசை.

கண்டெய்னரைத் திறந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா இஞ்சினியரே? ஊடே வந்து எறங்கிருச்சுங்க."

"ஊடு எங்கீங்க? கட்டைதானுங்க கெடக்குது."

"அதுக்குத்தானுங்க நீங்க இருக்கறீங்க."

எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று கட்டைகள். சந்தேகம் வந்து இன்னும் இரண்டு முறை எண்ணினேன். அதே நூற்று நாற்பத்து மூன்று. எல்லாம் ஓக் மரம். ஆணி அடித்துப் பார்த்தால் ஆணி வளைந்தது. நேராக இருந்த கட்டை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறுபக்கம் தார் பூசியது போல் கருப்பு. பழைய இரும்பு ஒரு துண்டும் அதில் இல்லை. ஒரு கட்டையின் நுனியில் நாக்கு, இன்னொன்றில் அந்த நாக்கு போய் உட்காரத் துளை, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே அடிக்கிற மர முளை. வீடு முழுவதும் அவ்வளவுதான். ஆணி இல்லாமல் ஒரு வீடு எப்படி நானூறு வருடம் நிற்கும் என்று எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கட்டைகளின் நுனிகளில் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நான்கு. பிறகு ஆப்பு போல ஒன்று, ஆப்பும் ஒரு கோடும். ரோமன் எண்கள் என்று உடனே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. ஆனால் நான்கை நாலு கோடாகப் போட்டிருந்தார்கள். எழுதத் தெரியாதவன் வேலை என்று நினைத்தேன். அதைவிட மோசம், ஏழு என்ற எண்ணே பதினைந்து கட்டைகளில் இருந்தது. சில கோடுகளில் வால் போல ஒரு சின்னக் கீறல் வேறு. பார்த்த எண்களையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தேன். பதினாறுக்கு மேல் எண்ணே இல்லை.

நூற்று நாற்பத்து மூன்று கட்டைக்குப் பதினாறு எண் எப்படிப் போதும்? போதாது. ஆகவே இந்தக் கணக்கு தப்பு. ஆகவே நான் புதுக் கணக்குப் போடுவேன். என் மூளை இந்த வரிசையில்தான் போயிற்று. அன்றைக்கு அது எனக்குக் குறையில்லாத நியாயமாகத் தெரிந்தது.

அந்த வாரம் ஆலையில் ஆர்டர் இடைவெளி. தைத்து முடித்த துணிகளைச் சரிபார்க்கும் செக்கிங் பகுதிக்கு வேலை இல்லை. அதன் சூப்பர்வைசர் அந்தோணியம்மாள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்து இங்கேயே தங்கிய குடும்பம். அவரிடம் எட்டுப் பெண்கள். அவர்களை எனக்குத் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். வெட்டிய துணியில் ஒட்டும் எண் ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்து, இறக்கி வைத்த வரிசைப்படி ஒன்று முதல் நூற்று நாற்பத்து மூன்று வரை ஒட்டச் சொன்னேன். ஒட்டும் இடத்தைக் கையில் பிடிக்கும் கிரைண்டரில் உப்புத்தாள் போட்டுச் சுத்தமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு எண் இருந்தால் குழப்பம் வரும் அல்லவா?

அந்தோணியம்மாள் ஒரு கட்டையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இது சும்மா கீறல் கெணக்கா தெரியலயே. நம்பர் போட்டிருக்காவ போல. எடுக்கலாமா?"

"எடுங்க. பதினாறுக்கு மேல நம்பரே இல்லீங்க அதுல."

"எதுக்கும் ஒருக்கா கேட்டுட்டு..."

"யாரைக் கேக்கறது? நானூறு வருசத்துக்கு முந்தி செத்தவனையா? தேய்ங்கம்மா."

இரண்டு தடவை கேட்டார் என்பதைக் கவனியுங்கள். நான் மறக்கவில்லை. பனியன் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. தைத்து முடித்ததும் ஒவ்வொரு துணியிலும் உள்ள எண் ஸ்டிக்கரைத் தேடி உரித்துவிட வேண்டும். ஒன்று தங்கினாலும் பெட்டியே திரும்பி வரும். செக்கிங் பெண்களின் கைக்கு அது ஊறிய வேலை. ஒன்றைச் சுத்தம் செய்யச் சொன்னால் அவர்கள் செய்வதுபோல் யாரும் செய்ய முடியாது. அன்று மாலைக்குள் முப்பத்தொன்பது கட்டைகளைக் குழந்தை முகம் போல ஆக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை பத்தேகால் மணிக்கு முதலாளி கையில் நான்கு தாள்களுடன் வெளியே வந்தார். மரக்கடைக்காரர் அனுப்பிய வரைபடம். ஒரு வாரமாக, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண்ணின் மின்னஞ்சலில் திறக்காமல் கிடந்திருக்கிறது. வரைபடம் ஏதாவது உண்டா என்று நான் கேட்கவும் இல்லை, ஒரு புகைப்படம் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. கட்டையை எண்ணுவதில் அவ்வளவு மும்முரம்.

ஒவ்வொரு தாளிலும் ஒரு சுவரைப் படுக்க வைத்ததுபோல் வரைந்திருந்தார்கள். கட்டைகள் வந்து சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண். தூணின் துளைப் பக்கத்தில் ஏழு என்றால், அங்கே சேரும் கட்டைகளின் நாக்கிலெல்லாம் ஏழு. ஒரு சுவருக்கு ஒரு வரிசை, அடுத்த சுவருக்கு மறுபடி ஒன்றிலிருந்து. எந்தச் சுவர் என்று சொல்லத்தான் அந்த வால். அடியில் ஒரு வரி: மரத்தில் உள்ள குறிகளைப் பாருங்கள், வேறொன்றும் தேவையில்லை.

முதலாளி கட்டைகளைப் பார்த்தார். என் ஸ்டிக்கர்களைப் பார்த்தார்.

"யாருங்க இதத் தேச்சது?"

நாற்பதாவது கட்டையில் வைக்கப்போன கிரைண்டர் நின்றது. முகத்தில் துணி கட்டிய எட்டுப் பெண்களும் அப்படியே நின்றார்கள். அந்தோணியம்மாள் முன்னால் வந்தார்.

"நாங்கதான் சார்."

"அம்மிணி, நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க."

எங்கள் பக்கத்தில் கோபத்திலும் 'ங்க' போகாது. அதனாலேயே அது இன்னும் கேட்கச் சகிக்காது. அந்தோணியம்மாள் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தாளில் எத்தனை இணைப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பதினாறு.

அன்றைக்கு முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா என்று கேட்டால் அதுவும் இல்லை. தப்பாக எண்ணியவன் என்று பேர் வந்துவிடுமே என்பதுதான். காலை பத்தேகாலிலிருந்து மறுநாள் ஒன்பது மணி வரை, இருபத்திரண்டே முக்கால் மணி நேரம். என் பணிக்காலத்தில் நான் எண்ணியவற்றில் பிசகாமல் நினைவிருப்பது இதுதான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்தோணியம்மாள் என் மேசைக்கு வந்தார். ஒரு தட்டில் கத்திரிகள், ஸ்டிக்கர் ரோல்கள், ஒரு காகிதம்.

"ஒப்படைச்சிட்டுப் போகச் சொல்லியிருக்காவ. எட்டு கத்திரி, பதினோரு ரோல். எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க சார். எண்ணுறதுக்கு ஒங்கள விட்டா ஆளு இல்லன்னாவ."

குத்தலாகச் சொன்னாரா, வெறுமனே சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. கத்திரிகளை எண்ணினேன். எட்டு. ரோல்களை எண்ண ஆரம்பித்து ஐந்தில் நிறுத்தினேன். பேனாவை மூடி வைத்துவிட்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

"தேய்க்கச் சொன்னது நானுங்க. அந்தம்மா ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னாங்க."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே."

"ஆமாங்க."

"தேச்ச கை அவங்களுது, சொன்ன வாய் உங்களுது. முப்பத்தொரு நாள்ல அந்த இங்கிலாந்துக்காரங்க வராங்க. ரெண்டு பேருமாச் சேந்து நிறுத்துங்க. நிக்கலீன்னா மரத்த மில்லுக்கு ஏத்திப் பலகையா அறுத்துப்போடுவேன். ரெண்டு பேரும் கெளம்பிக்கலாமுங்க."

வெளியே வந்து சொன்னேன். அந்தோணியம்மாள் ஸ்டிக்கர் ரோல்களைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். பிறகு வரைபடத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"சார், ஒரு பனியனுக்கு எத்தன பீசு?"

"முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கை, கழுத்துப் பட்டி. அஞ்சு."

"அஞ்சுலயும் ஒரே நம்பர்தான ஒட்டுதோம்? ஏன்? வேற வேற அடுக்குத் துணியச் சேத்துத் தச்சா கலர் மாறிரும். எதுக்கு எது சோடின்னு தெரியத்தான் நம்பரு. எண்ணுறதுக்கா ஒட்டுதோம்?" வரைபடத்தைத் தட்டினார். "அந்தக் காலத்துலயே அங்க ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்திருக்காவ சார்."

அத்தனை வருடமும் நான் அந்த ஸ்டிக்கர்களைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். அது எண்ணிக்கை என்றே நினைத்திருந்தேன். பச்சை மரத்தில் அறுத்து, ஒவ்வொரு நாக்கையும் அதன் துளைக்கென்றே செதுக்கி, தரையில் கோத்துப் பார்த்து, குறி போட்டுப் பிரித்து, மனை இருக்கும் இடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றின் நாக்கு இன்னொன்றின் துளையில் போகாது. இதைத்தான் பதினாறு எண்ணும் ஒரு வாலும் சொல்லிக்கொண்டிருந்தன.

குறி மிஞ்சிய நூற்று நான்கு கட்டைகளைச் சுவர் வாரியாகப் பிரிக்க மூன்று நாள். தேய்த்த முப்பத்தொன்பதுதான் பாக்கி. அந்தோணியம்மாள் நடுப்பகலில் ஷெட்டைத் தார்ப்பாய் போட்டு இருட்டாக்கினார். மொபைல் டார்ச்சை மரத்தின் மேல் படுத்தவாக்கில் வைத்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தார். துணியில் நூல் இழுத்த இடத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் செய்வது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லாத இடத்தில் பள்ளத்தின் அடி மட்டும் நிழலாகத் தெரிந்தது. அப்படி இருபத்தாறு கட்டைகள் பேசின. பதின்மூன்று பேசவில்லை.

இருநூறு கிலோ கட்டையைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு துளையிலும் பொருத்திப் பார்க்க முடியாது. அதற்கும் வழி கட்டிங் பகுதியில்தான் இருந்தது. துணி வெட்ட மாதிரி எடுக்கும் தடித்த அட்டையில், ஒவ்வொரு நாக்கின் வடிவத்தையும் முளைத் துளையின் இடத்தையும் வரைந்து வெட்டினோம். முளைத் துளைகளை அந்தக் காலத்தில் கண்ணளவில் போட்டிருந்ததால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு துளை துளையாக அலைந்தோம். பன்னிரண்டு சோடி கிடைத்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது, தூணுக்கும் உத்தரத்துக்கும் குறுக்கே நிற்கும் வளைந்த முட்டு ஒன்று. காலியாக இருந்த இடமும் ஒன்றுதான். ஆனால் அட்டை அதில் உட்காரவில்லை. கடைசியில் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்தோம்.

இதற்கு நடுவில் குண்டடத்திலிருந்து வந்த ஆசாரியோடு ஒரு சண்டை. வீட்டுக்கு ஆறு தூண்கள். ஆறும் ஒரு நுனியில் பருத்து, மறு நுனியில் மெலிந்தவை. வரைபடத்தில் பருத்த பக்கம் மேலே இருந்தது. ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது வேர்ப்பக்கமுங்க. வேர் மேல, தலை கீழயா? மரத்தத் தலைகீழா நிறுத்துனா ஊடு வெளங்குமுங்களா? என்ற கையால வெக்க மாட்டேனுங்க."

வரைபடம் அப்படித்தான் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. எனக்கே அது உறுத்தலாகத்தான் இருந்தது. இருவருமாகப் பருத்த நுனியைச் சுற்றி உட்கார்ந்தோம். அதில் இரண்டு நாக்குகளும் நடுவில் ஒரு படியும் வெட்டியிருந்தது. சுவரோடு ஓடும் உத்தரம் ஒரு நாக்கில் உட்கார வேண்டும். அறைக்குக் குறுக்கே வரும் உத்தரம் மற்றதில். ஒரே இடத்தில் மூன்று கட்டைகள் சேர்கின்றன. மெலிந்த நுனியில் அதற்குச் சதை போதாது. வேர்ப்பக்கம் இயல்பாகவே அகன்றிருக்கிறது. அதை மேலே திருப்பிவிட்டார்கள். ஆசாரி மூன்று தடவை தடவிப் பார்த்தார்.

"வெவரமான ஆளுங்கதானுங்க. செரி, வெக்கறேன். ஆனா மொத முளைய நீங்க அடிங்க. பாவம் வந்தா உங்களுக்கு வரட்டும்."

அடித்தேன். ஏற்கெனவே கணக்கில் ஒன்று இருந்ததால் இரண்டாவது பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொரு புதிரும் இருந்தது. தூண்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் மேல் கட்டையின் அடியில் வரிசையாகத் துளைகள், கீழ்க் கட்டையின் மேல் நீளமாக ஒரு பள்ளம். ஒரு கட்டத்துக்கு ஏழு துளை, இன்னொன்றுக்கு ஆறு. எதற்கென்று நான் மூன்று காகிதம் வீணாக்கினேன். விசைத்தறி ஓட்டும் வீட்டில் பிறந்த, எட்டுப் பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது பாவு கட்ற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். அதேதான். குச்சியை மேல் துளையில் செருகி, கீழ்ப் பள்ளத்தில் தள்ளி நிறுத்தினால் அது பாவு. மெல்லிய கொம்புகளை அதில் மாறி மாறிக் கோத்தால் ஊடை. அதன்மேல் மண்ணும் வைக்கோலும் சாணியும். அந்தச் சுவர்கள் கட்டப்பட்டவை அல்ல, நெய்யப்பட்டவை. சிமெண்ட் அட்டை போடலாம் என்றிருந்த முதலாளி மூங்கில் பிளாச்சுக்கு ஆள் அனுப்பினார்.

இருபத்தாறாம் நாள். கடைசிச் சுவரைத் தரையில் படுக்க வைத்துக் கோத்துக்கொண்டிருந்தோம். ஹைட்ரா கிரேன் வாசலில் நின்றது. அந்த வளைந்த முட்டு மட்டும் உட்காரவில்லை. நாக்கு அரை விரல் இடித்தது. ஆசாரி என்னைப் பார்த்தார்.

"அரை விரல் செதுக்குனா உள்ள போயிருமுங்க."

கிரேன்காரர் அடுத்த வேலைக்குப் போக அவசரப்படுத்தினார். முதலாளி மாடி ஜன்னலில் நின்றார். செதுக்கினால் ஐந்து நிமிடம். நான் தலையாட்டத்தான் இருந்தேன். ஆனால் முன்பு ஒரு முறை எனக்குப் புரியாததைத் தேய்க்கச் சொன்னேனே என்று தோன்றியது.

"செதுக்க வேண்டாமுங்க. கொஞ்சம் பொறுங்க."

"எவ்வளவு நேரமுங்க பொறுக்கறது?" என்றார் கிரேன்காரர்.

அந்தோணியம்மாள் சுவரைச் சுற்றி நடந்து வந்தார். துணிக் குவியலில் ஒரு பீஸின் நிறம் மாறியிருந்தால் நின்று பார்ப்பாரே, அப்படி நின்றார்.

"சார், இந்தச் சொவத்துல எல்லாக் கட்டையும் மேல சாம்பக் கலர்லா இருக்கு. இது மட்டும் கருப்பு."

"வெளிப்பக்கம் கருப்பா இருக்கறதுதானுங்க அந்த ஊர் வழக்கம். படத்துல பாத்திருக்கேன்."

"படம் கெடக்கட்டும். கருப்பு அடுப்புப் பொகை சார். அது உள் பக்கம். சாம்பலு வெயிலும் மழையும் பட்டது. பனியன உள்ள வெளியா மாட்டி வச்சிருக்கிய."

புரட்டினோம். ஆசாரி நுனியை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

அன்று மதியம் மூன்று மணிக்குள் நான்கு சுவர்களும் நின்றன. முளை அடிக்க அடிக்க இணைப்பு இறுகி முனகியது. முதலாளி கீழே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அம்மிணி, நீங்கதான் தேச்சீங்கன்னு நெனச்சு அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிப்போட்டனுங்க" என்றார். "தேச்சது நாங்கதான சார்" என்றார் அந்தோணியம்மாள்.

தேய்த்த கட்டைகளில் ஆசாரி குறிகளைப் புதிதாகக் கீறினார். முப்பத்தெட்டு முடித்து, ஏணியை நகர்த்தி அந்த வளைந்த முட்டிடம் வந்தார். என்ன எண் என்று நான் வரைபடத்தைப் பிரித்தேன். அந்தோணியம்மாள் தடுத்தார்.

"இதுல வேண்டாம் சார். இது ஒங்களுக்கு இருக்கட்டும்."

அப்போதுதான் கேட்டேன், அத்தனை நாளாகக் கேட்க நினைத்ததை. "அன்னைக்கு முதலாளி கேட்டப்ப, இவர்தான் தேய்க்கச் சொன்னாருன்னு ஏனுங்க சொல்லல?"

"நீங்களே சொல்லுவியளான்னு பாத்தேன்."

"நான் சொல்லலயே."

"மறுநா சொன்னியள்லா." ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுக்காமலே சொன்னார். "ஒரு ராத்திரி பிந்திட்டு. அவ்வளவுதான்."

ஓய்வு பெற்றபின் வருடத்துக்கு இரண்டு முறை அங்கே போகிறேன். புதிய பொறியாளர் டீ வாங்கித் தருகிறார். நான் வீட்டைச் சுற்றி வந்து எண்ணுகிறேன். நூற்று நாற்பத்திரண்டு கட்டைகளில் குறி இருக்கிறது. கடைசியாக, வடக்குச் சுவரின் மேல் மூலையில் உள்ள அந்த வளைந்த முட்டின் கீழ் நிற்பேன். அதில் ஒன்றும் எழுதியிருக்காது. "இதுல மட்டும் நம்பர் போட மறந்துட்டாங்களா சார்?" என்று போன முறை அவர் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "அது என்னோட நம்பருங்க."